குழாய்க்குள் குழாய்

அவர் வாயிலிருந்து ‘முடியாது’ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. ஆம்பூரில் வேறு யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப் அவருடையது. நடுவில் ஒரு முள்வேலி, அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. டிராக்டர், லாரி, கிணற்று மோட்டார், தையல் மெஷின், எதைக் கொண்டுவந்தாலும் முதலில் கொண்டுவந்தவரின் முகத்தைத்தான் பார்ப்பார். பொருளை அப்புறம்தான் பார்ப்பார். முகத்தில் இருக்கும் ஆசை என்னவென்று தெரிந்ததும், "செஞ்சிடலாம்" என்பார். குரல் உயராது, தாழாது. வந்தவர் பாதி வேலை முடிந்துவிட்ட மாதிரி நிம்மதியாகத் திரும்பிப் போவார்.

எழுபதுகளின் கடைசி அது. நான் தோல் பதனிடும் ஒரு டேனரி ஆபீசில் டைப்பிஸ்ட். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். தம்பி தாமஸ் நான் வேலை பார்த்த அதே டேனரியில் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவர் எங்களுக்குப் பின் பெஞ்சில் உட்காருவார். வெள்ளைச் சட்டை போட்டிருப்பார். நகக்கண்ணில் மட்டும் கறுப்பு போகாது.

ஒருமுறை சர்ச் ஆர்மோனியம் பழுதாகிவிட்டது. வேலூரிலிருந்து ஆள் வரவழைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது ஆயர் சும்மா அவரைப் பார்த்து, "உனக்கு இது தெரியுமாப்பா?" என்று கேட்டார். அவர் அதற்கு முன் ஆர்மோனியத்தின் உள்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. "பாத்துடலாங்கய்யா" என்றார். அடுத்த ஞாயிறு, முதல் பாட்டிலேயே ஒரு கட்டை அமுங்கி மேலே வராமல், ஆராதனை முடியும்வரை ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் அதற்கு மேல் குரலை உயர்த்திப் பாடினோம். ஜெபம் தொடங்கிய பிறகும் துருத்தியில் காற்று தீரும்வரை அது நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு பக்தியோடு உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு கதையை ஊரே சொல்லிச் சிரிக்கும். குடியாத்தத்தில் ஒரு கல்யாணம், வாணியம்பாடியில் ஒரு கல்யாணம், ஒரே நாள், ஒரே நேரம். இரண்டு வீட்டாரும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அவருடைய திறந்த ஜீப்பைக் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் "தந்துடலாம்" என்றுவிட்டார். ஜீப் குடியாத்தம் போனது. வாணியம்பாடி மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகத் தெருமுனையில் வெகுநேரம் நின்றுவிட்டுக் கடைசியில் குதிரை வண்டியில் ஏறினார். மறுநாள் பெண்ணின் அப்பா சண்டைக்கு வந்தார். வந்தவரிடம் இவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தலையைக் குனிந்து எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டு, அவருடைய கிணற்று மோட்டாரைச் சும்மாவே பழுது பார்த்துக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒன்றாக டீ குடித்ததைப் பார்த்ததாக தாமஸ் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அந்த மாப்பிள்ளை தெருமுனையில் நின்றதுதான் மனசில் நின்றது.

அவருக்கும் எனக்கும் கல்யாணப் பேச்சு எழுந்தது அந்தச் சமயத்தில்தான். அவருடைய அம்மா என் அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்குச் சம்மதம். அவரிடம் கேட்டார்களாம். "பண்ணிக்கலாம்" என்றாராம். அம்மா அதை வந்து சந்தோஷமாகச் சொன்னாள். ஒரு பம்புசெட்டைப் பற்றிக் கேட்டிருந்தாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. யோசிக்க நாள் வேண்டும் என்றேன்.

யோசித்ததோடு நிற்கவில்லை, சோதித்தும் பார்த்தேன். அம்மா வேலி ஓட்டை வழியாக அவருக்கு டீ அனுப்புவாள். ஒருநாள் டம்ளரை நீட்டும்போது, "சர்க்கரை தீந்துடுச்சு, உப்பு போட்டிருக்கேன், பரவால்லையா?" என்று கேட்டேன். நிஜமாகவே உப்புதான் போட்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்தார். "பரவால்ல, குடுங்க." வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். முகம் சுளிக்கவில்லை. "நல்லா இருந்துச்சு" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்குள் வந்து முதலில் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் அந்தக் கார் வந்தது. எங்கள் டேனரியின் சின்ன முதலாளி மெட்ராஸில் எடுத்த பழைய வெளிநாட்டுக் கார். நீலப் பெயின்ட், நீண்ட மூக்கு. தோல் வியாபாரமாக வெளிநாடு போனவர், சாயப் பெட்டிகளோடு ஒரு மரப்பெட்டியில் வேறொன்றும் வரவழைத்தார். சூப்பர்சார்ஜர் என்று பெயர். அது என்ன செய்யும் என்று தாமஸ்தான் வீட்டில் சொன்னான்.

"இஞ்சின் தானா மூச்சு இழுக்கும் இல்லக்கா? இது அதோட வாயப் பொளந்து காத்த உள்ள திணிக்கும். அவ்ளோதான். வண்டி பறக்கும்."

"ஓட்டப்போறது யாரு?"

"டவுனுக்குள்ள அவரு. மெட்ராஸ், பெங்களூருன்னா நான்தான்."

அதைப் பெருமையாகச் சொன்னான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. பெருமைப்படாமல் என்ன செய்வான்.

காரை அவருடைய ஒர்க்‌ஷாப்புக்குத்தான் அனுப்பினார்கள். சூப்பர்சார்ஜர் பொருத்தத் தெரியுமா என்று கேட்டதற்கு அவர் என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் அதைச் சரியாகவே பொருத்தினார். இதையும் சொல்லத்தான் வேண்டும். கைவேலையில் அவர் சோடை இல்லை.

மிச்சம் இருந்தது புகை வெளியேறும் பைப்புகள். இஞ்சினின் பக்கவாட்டிலிருந்து தனித்தனியாகக் கிளம்பிக் கீழே போய் ஒன்றாகச் சேரும் பைப்புகள். ஹெட்டர் என்பார் சின்ன முதலாளி. அதை என்ன அளவில் போடுவது என்பதுதான் கேள்வி. கடிதங்களில் சின்ன முதலாளியின் கையெழுத்து வாங்க நான் போயிருந்தபோது ஒர்க்‌ஷாப் தரையில் இரண்டு பைப் துண்டுகள் கிடந்தன. ஒன்று ஒன்றரை இஞ்சு, ஒன்று ஒன்றே முக்கால். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

"ஒன்றரையே போதும்" என்றார் சின்ன முதலாளி. "பெருசு போட்டா கம்மி ஸ்பீடுல இழுக்காது. புஸ்தகத்துல படிச்சேன். பஜார்ல கிளட்ச்ச விட்டதும் வண்டி பாயணும். பாக்கறவன் ஒதுங்கணும்."

"பாயும்ங்க. ஒன்றரையே போட்டுடலாம்."

சின்ன முதலாளி போனதும் தாமஸ் அவரைப் பிடித்துக்கொண்டான். கல்யாணப் பேச்சுக்குப் பிறகு அவரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

"இன்னா மாமா, நேத்து என்கிட்ட வேற சொன்னீங்களே?"

"நேத்து சொன்னதுதான் சரி தாமஸ். சாதா இஞ்சினா இருந்தா அவரு சொல்றது கரெக்ட். இதுல உள்ள தள்றது ஜாஸ்தி. வெளிய போற வழி கம்மின்னா சூடு எங்க போவும்? இஞ்சின் பக்கத்துலயே உக்காந்துக்கும். பைப்பு செவந்துடும்."

"அத அவருகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

அவர் ஒரு தோல் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் மெக்கானிக்குகள் பனியன் துணி தேடுவதில்லை, தோல் துண்டுக்குப் பஞ்சமில்லை.

"ரோட்ல நூறு நூத்திப்பத்துல ஓட்றவன் நானு. எனக்குப் பெருசுதான் வேணும்" என்றான் தாமஸ்.

அவர் அவன் முகத்தைப் பார்த்தார்.

"பெருசே போட்டுடலாம்."

பைப் வேலை முடிந்து பானெட்டைத் திறந்தபோது பெரிய பைப்புகள்தான் இருந்தன. தாமஸ் விரலால் அளந்து பார்த்துத் திருப்தியானான். பெரிய பைப் என்பதால் இடம் நெருக்கடி. பெட்ரோல் வருகிற ரப்பர் டியூப்புக்கும் பைப்புக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளிதான். நடுவே வைக்க டேனரி பாய்லர் ரூமிலிருந்து சூடு தாங்குகிற ஆஸ்பெஸ்டாஸ் அட்டை கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்ததும் சின்ன முதலாளிக்கு முகம் மாறியது.

"இன்னா இது, சுண்ணாம்பு அடிச்ச அட்டை மாதிரி? வெளிநாட்டுல இருந்து வர்றவனுக்குத் திறந்து காட்டப்போறேன். நம்ம தோல வை. இஞ்சின் ரூம்ல கூட எங்க தோல்தான்னு சொல்லணும்."

"வெச்சிடலாங்க."

தேன் நிறத்தில், மெருகேற்றிய அடித்தோல், செருப்பின் அடியில் வைக்கிற கெட்டித் தோல். ஓரம் மடித்துத் தைத்து, பித்தளை ஆணி அடித்து அழகாகத்தான் செய்திருந்தார். ஆணிக்கு ஆணி இடைவெளி பிசகவில்லை.

வண்டி வெளியே போனது. பஜாரில் கிளட்சை விட்டதும் பாய்ந்தது. சின்ன முதலாளி கேட்ட மாதிரியே ஆட்கள் ஒதுங்கினார்கள். அவருக்கும் சந்தோஷம், தாமஸுக்கும் சந்தோஷம். பெரிய பைப் போட்டால் கம்மி ஸ்பீடில் இழுக்காது என்றார்களே, இது எப்படி இப்படிப் பாய்கிறது என்று எனக்குத்தான் குறுகுறுத்தது. டீ கொடுக்கப் போனபோது கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல மூலையிலிருந்து ஒரு மாதிரித் துண்டை எடுத்து வந்தார். ஒன்றே முக்கால் பைப். அதன் வாய்க்குள் ஒன்றரை பைப்பைச் செருகி, இஞ்சினோடு சேருகிற இடத்தில் சுற்றிலும் வெல்டிங் வைத்திருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

"வெளிய தாமஸுக்கு. உள்ள முதலாளிக்கு" என்றார். "ரெண்டு பேருக்கும் கொற இல்ல பாருங்க."

நான் அந்தத் துண்டைக் கையில் வாங்கினேன். எனக்கு மெக்கானிசம் தெரியாது. ஆனால் சூடு எங்கே போகும் என்று அவரே தாமஸிடம் கேட்டதை நான் கேட்டிருந்தேன். பெரிய பைப் என்பதால் பெட்ரோல் டியூப்பை ஒட்டிப் போகிறது. வழியோ சின்னது, அதனால் கொதிக்கிறது. இரண்டு பேரும் கேட்டதைக் கொடுக்கப்போய், இரண்டிலும் இருக்கிற கெடுதலை எடுத்து ஒன்றாக வெல்டிங் வைத்திருக்கிறார். இதை அவர் அறியாமல் செய்யவில்லை. எதிரில் நிற்கிறவரின் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல் செய்திருக்கிறார்.

"தாமஸுக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவான்."

அன்று சாயங்காலமே தாமஸிடம் சொன்னேன். அவன் வேலி தாண்டிப் போய்க் கத்தினான். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "எடுத்துடலாம் தாமஸ். வர்ற வாரம் வண்டியக் கொண்டா" என்றார். அந்த வாரம் சின்ன முதலாளி வண்டியை விடவில்லை. அதற்கடுத்த வாரம் வெளிநாட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். பானெட்டைத் திறந்து காட்டினார். அவர்கள் அந்தத் தோலைத் தடவிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். வேலையை விட்டுவிடு என்றேன் தாமஸிடம். "விட்டுட்டு? மறுபடி லாரி கிளீனரா போவட்டுமா?" என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான்.

ஒருநாள் சாப்பிடும்போது, "வண்டியில தோல் கருகுற மாதிரி வாசன வருதுப்பா" என்றான்.

அப்பா சிரித்தார். "ஆம்பூர்ல தோல் வாசன வராம மல்லிப்பூ வாசனயா வரும்?"

நாங்களும் சிரித்தோம். சுற்றிலும் டேனரி. சுண்ணாம்புத் தொட்டி வாசனை, கழிவுத் தோலை எரிக்கிற வாசனை, எல்லாம் எங்கள் சோற்றிலும் துணியிலும் இருந்தது. அந்த வாசனைக்கு எங்கள் மூக்கு செத்துப்போய் வருஷக்கணக்காகிறது. சத்துவாச்சாரியிலிருந்து வந்த சித்திதான் தாமஸின் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மடிக்கும்போது முகர்ந்துவிட்டு, "ஏன்டா, இதுல தீஞ்ச வாசன அடிக்குது?" என்றாள். சித்தி நர்ஸ். வாசனைகளை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை.

தாமஸ் மறுநாளே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தித் திறக்கச் சொன்னான். நானும் வேலியோரம் நின்றிருந்தேன். தேன் நிறத் தோல் பைப்பை ஒட்டிய பக்கம் கறுத்துச் சுருண்டு அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. பித்தளை ஆணிகள் நீலம் பாரித்திருந்தன. அவர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

"அந்த அட்டையே வெச்சிடுங்க மாமா" என்றான் தாமஸ்.

"வெச்சிடலாம்."

அப்போது பார்த்து வாசலில் சின்ன முதலாளியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவர் எட்டிப் பார்த்தார். "கறுத்துப்போச்சா? புதுத் தோல் அனுப்பறேன், மாத்திடு. மெட்ராஸ்ல பார்ட்டி வர்றாங்க, நல்லா இருக்கணும்."

"மாத்திடலாங்க."

புதுத் தோல்தான் வந்தது. அது முன்னதைவிட அழகாக இருந்தது. பைப்புக்குள் இருந்த பைப்பும் அப்படியே இருந்தது.

பள்ளிகொண்டா தாண்டி, பட்டப்பகலில் கார் தீப்பிடித்தது. தாமஸ் தனியாக மெட்ராஸ் போய்க்கொண்டிருந்தான். டேஷ்போர்டுக்குக் கீழிருந்து தீ வந்திருக்கிறது. எதிரில் பஸ் வந்ததால் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்து வண்டியை ஓரத்து வயலில் இறக்கியிருக்கிறான். அதற்குள் இரண்டு கையும் வெந்துபோய்விட்டன. வேலூர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. கட்டுக்குள்ளிருந்து அவன் முதலில் கேட்டது, "நான் ஸ்டியரிங் பிடிக்க முடியுமாக்கா?" என்றுதான். நான் பொய் சொல்லவில்லை. அழுதேன்.

போலீஸ் விசாரணை வந்தது. தப்பு வண்டியுடையது என்றால் தாமஸுக்கு நஷ்டஈடு உண்டு, பெயரும் தப்பிக்கும். தப்பு அவனுடையது என்றால் லைசென்ஸ் போய், கேசும் வரும். ஒருநாள் காலை நான் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சின்ன முதலாளியின் அறைக்கும் எனக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். ஒர்க்‌ஷாப்பிலிருந்து அவரைக் கூப்பிட்டு அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

"பையன் பீடி பிடிச்சிருக்கான். அதான் பத்திக்கிச்சு. கேட்டா அதச் சொல்லிடு. உனக்கு எங்க வண்டி வேலைக்கு நான் கியாரண்டி."

தாமஸ் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவன். பீடியைத் தொட்டதில்லை. அது அவருக்கும் தெரியும். என் கைகள் மெஷின் மேல் அப்படியே நின்றன.

"சொல்லிடலாங்க" என்றார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்பா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "நீ இன்னா செஞ்சேன்னு நான் கேக்கல. பைப்புக்குள்ள இருந்தத மட்டும் உள்ளது உள்ளபடி சொல்லிடுப்பா. அவன் ஆயுசு கெடக்குது."

அவர் கண்ணில் நீர் வந்தது. நிஜமான நீர்.

"சொல்லிடலாம் சார்."

அதே குரல். உயரவில்லை, தாழவில்லை. காலையில் பொய்யும் சாயங்காலம் மெய்யும் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். இரண்டு இடத்திலும் அவர் மனசாரத்தான் ஒத்துக்கொண்டார்.

விசாரணையன்று அப்பாவோடு நானும் ஸ்டேஷன் வாசலில் நின்றேன். உள்ளே இன்ஸ்பெக்டர் அவரிடம் கேட்டது எங்கள் காதில் விழுந்தது.

"பீடியால பத்தியிருக்குமாய்யா?"

"இருக்கலாங்க."

"பைப்பு சூட்டால?"

"அதுவும் இருக்கலாங்க."

இன்ஸ்பெக்டர் சலித்துப்போய்ப் பேனாவை எடுத்தார். எழுதியது பீடி என்று. எழுத வசதியானது அதுதான்.

தாமஸ் வீட்டுக்கு வந்த பிறகு, கட்டுப் பிரித்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருப்பான். கொஞ்ச மாதம் கழித்து அவருடைய அம்மா சொல்லி அனுப்பி, அவரே வந்தார். வேலி ஓட்டை வழியாக வராமல் தெருவைச் சுற்றி வாசல் வழியாக வந்தார். கல்யாணத்தைப் பற்றிக் கேட்க. அம்மா உள்ளே போய்விட்டாள். நான் வாசற்படியில் நின்றேன்.

எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அதைவிட, இவரை யாராவது ஒரு தடவையாவது தடுத்து நிறுத்தியிருக்கக் கூடாதா என்ற ஆற்றாமை இருந்தது. உப்பு டீயை நல்லா இருக்கு என்று குடித்த முகம் அப்படியே இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், செய்வீங்களா?" என்றேன்.

"செஞ்சிடலாம்."

"‘முடியாது’ன்னு ஒரு வார்த்த. எனக்காக ஒரே ஒரு வாட்டி சொல்லுங்க."

என் முகத்தைப் பார்த்தார். நான் எதை ஆசைப்படுகிறேன் என்று தேடினார். உதடு ஒருமுறை அசைந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. உள்ளே தாமஸ் தண்ணீர் டம்ளரை இரண்டு மணிக்கட்டாலும் இடுக்கித் தூக்க முயன்று, அது கீழே விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. அவருக்கும் கேட்டது.

"சொல்லிடலாம்" என்றார்.

அவருக்கும் சேர்த்து அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன்.